இருண்ட மேகமும் பெருவிண்மீனும்

பால்வீதியை உற்று நோக்குவோர் அதன் வெண்மையினூடே ஆங்காங்கு கருந்திட்டுகள் கிடப்பதைக் காண்பர். விளக்கொளி மிகுந்த பட்டணங்களில் அவை தெரிவதில்லை. நிலவில்லாத இரவில் தோட்டப்புறத்து லயத்துக்கு வெளியே வந்து நிமிர்ந்து பார்ப்பவர்க்கு அவை புதியன அல்ல. சித்திரை, வைகாசி மாதங்களில் தெற்கே தாழ்ந்து நிற்கும் தென்சிலுவை விண்மீன்களின் அருகில் கரியைக் கொட்டியது போன்றதொரு திட்டு உண்டு. கரிச்சாக்கு என்பது அதன் பெயர். இத்தகைய இடங்களில் விண்மீன்களே இல்லையா, அல்லது இருந்தும் நம் கண்ணுக்குப் புலப்படவில்லையா என்னும் வினா கேட்பதற்கு எளிது. அதற்கு விடை காண ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அவ்விடை கிடைத்த பின்னரே, சூரியனினும் எட்டு மடங்கும் அதற்கு மேலும் எடையுள்ள பெருவிண்மீன்கள் எங்கே, எத்தகைய கருப்பையில் பிறக்கின்றன என்று கேட்கவும் முடிந்தது. அவ்வரலாற்றையே இங்கு கூறப் புகுகின்றோம்.

பெருவிண்மீன்களைப் பற்றி நமக்கென்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். நாம் மூச்சிழுக்கும் பிராணவாயுவின் பெரும்பகுதி அவற்றின் வயிற்றில் சமைக்கப்பட்டு, அவை வெடித்துச் சிதறியபோது வெளிவந்ததாகும். இத்தனை பெரிய காரியம் செய்யும் அவை எண்ணிக்கையில் மிகச் சில, வாழ்நாளும் குறுகியது. சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு எரியவல்லது. பெருவிண்மீன் சில கோடி ஆண்டுகளிலோ அதற்கும் குறைவாகவோ எரிந்து தீர்ந்துவிடும். ஆதலின் அது பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் போகுமுன்னரே பெரும்பாலும் மடிகின்றது. அதன் பிறப்பிடத்தைத் தேடுவோர் இருளைத்தான் தேட வேண்டும்.

ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, சங்கீதத்தால் பிழைத்துப் பின்பு வானநூலில் பெரும்புகழ் எய்தியவர் வில்லியம் ஹெர்ஷல். தொலைநோக்குக் கண்ணாடிகளைத் தாமே தேய்த்துச் செய்துகொண்டவர். அவர் வானத்தைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று எண்ணிக்கொண்டே போனார். விருச்சிக ராசியில் ஓரிடத்தை அடைந்தபோது எண்ணுவதற்கு ஒன்றுமே அகப்படவில்லை. 1785-ல் வெளியிட்ட கட்டுரையில் அவ்விடத்தை வானத்திலுள்ள ஒரு பொந்து என்றே குறித்தார். பொந்தின் ஓரத்தில் விண்மீன்கள் நெருங்கிய திரள் ஒன்று இருந்தமையால், பொந்தில் இருந்தவைதாம் திரண்டு அங்கே போய்ச் சேர்ந்தனவோ என்றும் ஐயுற்றார். இந்த நினைவு அவர் குடும்பத்தை விட்டு அகலவில்லை. அவருக்கு எழுத்தராகவும் துணைவராகவும் இருந்த தங்கை கரோலின், 1833-ல், தம் 83-வது வயதில், தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்படவிருந்த அண்ணன் மகன் ஜானுக்குக் கடிதம் எழுதி, விருச்சிகத்தை நன்றாகத் துருவிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். தமையன் கண்டதை ஐம்பது ஆண்டு கழித்தும் மறவாத இந்த அம்மையாரைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம்.

பொந்து என்ற கொள்கை நெடுங்காலம் நிலைத்தது. ருஷியாவில் ஸ்துரூவ என்னும் வானநூலார் 1847-ல், விண்வெளியில் ஏதோ ஒன்று விண்மீன் ஒளியை விழுங்குகின்றது என்று கணக்கிட்டுக் காட்டியும் கேட்பார் இல்லை. அக்கொள்கையை அசைத்தவர் அமெரிக்கர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட். அவர் 1857-ல் நாஷ்வில் நகரில் ஏழைக் குடும்பத்தில், தந்தை இறந்த பின் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஒன்பது வயதில் ஒரு புகைப்படக் கடையில் வேலைக்குப் போனார். படம் பெரிதாக்கும் கருவியைச் சூரியன் நகர நகரத் திருப்பிக்கொண்டிருப்பதே அச்சிறுவனின் வேலை. பொறுமையாக ஒளியைப் பின்தொடரக் கற்ற அவர், பிற்காலத்தில் பால்வீதியை மணிக்கணக்காகப் பின்தொடர்ந்து புகைப்படம் எடுப்பதில் இணையற்றவரானார்.

அப்படங்களில் கருந்திட்டுகள் தெள்ளத் தெளிவாக விழுந்தன. பார்னார்டும் முதலில் அவற்றைப் பொந்துகள் என்றே கருதினார். 1913-ல் ஒரு கோடைக்கால இரவு. யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்தில் தெற்குப் பால்வீதியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, சிறுசிறு மேகங்கள் வானில் சிதறி வந்தன. தனுசு ராசியின் ஒளித்திரளுக்கு முன்னே அம்மேகங்கள் மையைத் தெளித்தாற்போலக் கறுத்துத் தோன்றின. நாள்தோறும் தாம் தட்டில் கண்டுவந்த திட்டுகளும் இவ்வாறே இருப்பதை அவர் கண்டார். மேகத்துக்குப் பின்னால் விண்மீன் இல்லை என்று யாரேனும் கூறுவரா? 1919-ல் 182 கருந்திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். இன்றும் ஆராய்ச்சியாளர் பலவற்றை அவர் இட்ட எண்ணாலேயே குறிக்கின்றனர். 1923-ல் அவர் மறைந்தார். அவர் மனைவியின் உடன்பிறந்தார் மகள் மேரி கால்வர்ட் முதலியோர் உழைப்பால் அவருடைய பால்வீதிப் படத்தொகுதி 1927-ல் வெளிவந்தது.

ஐயத்தை முழுதும் தீர்த்தவர் ராபர்ட் டிரம்ப்ளர். அவர் வழி, கணக்கெழுதும் நம் போன்றோர்க்கு இனிப்பது. விண்மீன் கூட்டங்கள் நூற்றுக்குத் தூரம் கணித்தார். ஒளியின் மங்கலைக் கொண்டு கணித்த தூரத்தை உண்மையென வைத்து, ஒவ்வொரு கூட்டத்தின் பருமனையும் பார்த்தால், தூரத்தே உள்ளவை யாவும் அருகே உள்ளவற்றைவிடப் பெரியனவாக விடை வந்தது. நம் பூமியை நடுவில் வைத்து, விலக விலகக் கூட்டங்கள் பருத்துக்கொண்டே போகின்றன என்பது பொருந்துமா? பொருந்தாது. ஒளி வழியில் களவு போயிற்று என்பதே விடை. 1930-ல் அவர் இதனை வெளியிட்டார். திருடன் தூசி என்பதும் தெளிவாயிற்று. நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பொளியைக் குறைவாகவும் தடுக்கும் நுண்துகள். மணலின் இனமான சிலிக்கேட்டும் கரியும் கலந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு செய்தால் ஒரு கூறு அளவினது. மேகத்தின் எடையில் நூறு பங்கு வாயுவானால் ஒரு பங்கே தூசி. எனினும் நூறை மறைப்பது அந்த ஒன்றுதான்.

இதுகாறும் தூசி தடையாகவே இருந்தது. அது சாட்சியாக மாறியதே இவ்வரலாற்றின் திருப்பம். கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு முதலில் வெண்மையாகவும், ஆற ஆறச் சிவப்பாகவும் ஒளிரும். சிவப்பு அணைந்த பின்னும் கையை அருகே கொண்டுபோனால் சூடு உறைக்கும். கண்ணுக்குத் தெரியாத அக்கதிரை 1800-ல் முதன்முதல் கண்டவரும் அதே ஹெர்ஷல்தான். சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தவர், சிவப்புக்கு அப்பால், ஒன்றும் தெரியாத இடத்திலும் அது ஏறக் கண்டார். இன்று அதனை அகச்சிவப்புக் கதிர் என்கின்றோம். விருச்சிகத்தில் பொந்தெனக் கண்டதை ஊடுருவும் திறவுகோல் இக்கதிரே என்பதை அவர் அறிந்திலர்.

எப்பொருளும் தன் வெப்பத்துக்கேற்ற கதிரை வீசும். குளிரக் குளிர அலை நீளும். குளிரின் கடைக்கோடியாகிய மைனஸ் 273 டிகிரியைச் சுழியாக வைத்து எண்ணுவது கெல்வின் கணக்கு. 2,900 என்ற எண்ணை அக்கணக்கில் வரும் வெப்பநிலையால் வகுத்தால், அப்பொருள் மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் மைக்ரானில் ஏறத்தாழக் கிடைக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. சூரியன் முகத்தின் வெப்பம் 5,800. அதன் கதிர் அரை மைக்ரான், கண்ணுக்குத் தெரியும். மனித உடல் 310. கதிர் 9 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாது. இருண்ட மேகத்தின் தூசியோ 15 கெல்வின். கதிர் 190 மைக்ரானுக்கும் மேல். ஆகவே எந்த அலைநீளத்தில் மேகம் மிகுந்து ஒளிர்கின்றது என்று தெரிந்தால், எத்தனை ஆயிரம் ஒளியாண்டுத் தூரத்திலிருந்தும் அதற்கு உஷ்ணமானி வைத்துவிடலாம்.

சொல்வது எளிது. நம் காற்றிலுள்ள நீராவி இக்கதிர்களைக் குடித்துவிடும். கருவியும் கண்ணாடியும் தம் சூட்டினால் தாமே அக்கதிரை வீசும். எரியும் விளக்குக்குள் உட்கார்ந்து மின்மினியைத் தேடுவது போலாகும். 1961-ல் பிராங்க் லோ என்பார் ஜெர்மானியத் துண்டு ஒன்றைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்து, நுண்ணிய வெப்பமும் அறியும் கருவி செய்தார். அதற்குப்பின் காலம் விரைந்தது. மார்கழி, தை மாதங்களில் நம் தலைக்கு மேலே வரும் ஒரையன் என்னும் வேடன் உருவத்தை வாசகர் அறிவர். அதன் தோளிற் சிவந்து தோன்றுவது திருவாதிரை. இடைக்கச்சை போன்ற மூன்று விண்மீன்களின் கீழ், வாளிருக்கும் இடத்தில் மங்கலான ஒளிப்புகை ஒன்று உண்டு. அங்கு பெக்லின், நாய்கபவர் என்னும் இருவர் அகச்சிவப்பில் துருவி, எந்தப் புகைப்படத்திலும் விண்மீன் இல்லாத இடத்தில் ஒளிமிக்க ஒரு புள்ளியைக் கண்டு 1967-ல் வெளியிட்டனர். அதன் வெப்பம் அறுநூறு, எழுநூறு கெல்வின் அளவினதே. திருவாதிரையோ மூவாயிரத்துக்கும் மேல். அவர்கள் கண்டது தூசிப் போர்வைக்குள் சுற்றிக் கிடந்த இளம் பெருவிண்மீன். அதே ஆண்டில் கிளைன்மான், லோ இருவரும் அதனருகே அதைவிட மிகக் குளிர்ந்து பரந்த தூசிமேகத்தைக் கண்டனர். ஒளிப்புகைக்குப் பின்னால், ஏறக்குறைய 1,350 ஒளியாண்டுத் தொலைவில், பெருவிண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் மேகம் வெளிப்பட்டது. நமக்கு மிக அண்மையான அத்தகைய இடம் இதுவே.

வாயுவுக்கும் தனியே உஷ்ணமானி கிடைத்தது. 1968-ல் டவுன்ஸ் குழுவினர் வானொலி அலையில் அமோனியாவை விண்வெளியிற் கண்டனர். அம்மூலக்கூறு வீசும் இரு அலைகளின் விகிதத்தைப் பார்த்தே வாயுவின் வெப்பத்தைச் சொல்லலாம். மேகம் போதிய செறிவுற்றால் தூசியும் வாயுவும் ஓயாது மோதி ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும். அப்போது ஒன்றின் அளவு மற்றதற்கும் பொருந்தும். செறிவு என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். நம்மைச் சூழ்ந்த காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள மூலக்கூறுகளை எழுத, 25 என்று எழுதிப் பதினெட்டுப் பூஜ்யம் போட வேண்டும். பெருவிண்மீன் பிறக்கும் மேகத்தின் மிகச் செறிந்த பகுதியிலோ லட்சம், பத்து லட்சம் அளவே உண்டு. நாம் வெற்றிடம் என்று தள்ளுவதைவிட வெறுமை! எனினும் பால்வீதியின் பொதுவான வெளியில் கன சென்டிமீட்டருக்கு ஒன்று என்றே கணக்காதலின், அதனோடு ஒப்பிட இதுவே பெருநெரிசல். ஒளியாண்டுக் கணக்கில் அகன்று கிடப்பதால் அதன் எடை ஆயிரம் சூரியனுக்கும் மேலாகலாம்.

கருவி வளர்ந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே ஓர் அடிப்படைச் சங்கடம் தலையெடுத்தது. பெருவிண்மீன் வளரும்போதே எரியத் தொடங்கிவிடும். அதன் ஒளி, உள்ளே விழும் தூசியை வெளியே தள்ளும். தூசியோடு வாயுவும் போகும். மான்செஸ்டரில் பிரான்ஸ் கான் 1974-ல் கணக்கிட்டு, சூரியனைப்போல் சுமார் 40 மடங்கோடு வளர்ச்சி நின்றுவிட வேண்டும் என்றார். வானத்திலோ நூறு மடங்கைத் தாண்டியவையும் உள்ளன. தன் வெளிச்சத்தாலேயே தனக்கு வரும் உணவை விரட்டும் குழந்தை எங்ஙனம் வளர்ந்தது? வாயு நாற்புறமிருந்தும் நேரே விழாமல் தட்டுப்போற் சுழன்று வந்தால், ஒளி தட்டின் மேலும் கீழும் தப்பிப் போகும். தட்டின் வழியே உணவு வரும். 2002-லும் 2009-லும் கணிப்பொறியில் செய்து பார்த்த கணக்குகள் இவ்வழியை உறுதிப்படுத்தின. ஆயினும் முதலில் மேகம் எத்தனை குளிர்ந்து, எத்தனை செறிந்து இருந்தது என்னும் தொடக்க நிலை தெரியாமல் எந்தக் கணக்கும் முழுமை பெறாது.

தொடக்க நிலையைத் தேடி மனிதர் காற்றுக்கு மேலே ஏறினர். இந்தியாவில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் 1 மீட்டர் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கியை ஹைதராபாத்திலிருந்து பெரும் பலூனில் ஏற்றி அனுப்பி, நூறு மைக்ரானுக்கு அப்பாற்பட்ட இரு அலைகளில் இத்தகைய மேகங்களைப் படமெடுத்து, தூசியின் வெப்பம் இடத்துக்கு இடம் எவ்வாறு மாறுகின்றது என வரைந்து காட்டினர். செல்வ நாடுகள் மட்டுமே செய்த வேலை என்று எண்ணுவோர்க்கு இது தெரிய வேண்டும். அமெரிக்கா, ஹாலந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து 1983-ல் ஏவிய ஐராஸ் செயற்கைக்கோள் பத்து மாதத்தில் வானத்தின் பெரும்பகுதியை 12 முதல் 100 மைக்ரான் வரையிலான நான்கு அலைகளில் துழாவியது. எனினும் அது கண்டவை பெரும்பாலும் ஏற்கெனவே சூடேறியவை. பிறந்த குழந்தையைக் கண்டதே யொழியக் கருவைக் காணவில்லை.

கரு அகப்பட்டது, மீண்டும் ஓர் இருளாகவே. 1995-ல் ஏவப்பட்ட ஐரோப்பிய ஐசோ செயற்கைக்கோளும், 1996-ல் ஏவப்பட்ட அமெரிக்க எம்.எஸ்.எக்ஸ் செயற்கைக்கோளும் பால்வீதியை அகச்சிவப்பில் படமெடுத்தபோது, அப்படத்திலும் கருந்திட்டுகள் விழுந்தன. பார்னார்டின் திட்டுகளைத் துளைத்துச் செல்லும் கதிரையும் விழுங்கவல்ல தூசி அங்கே இருந்தது! 1998-ல் அவற்றுட் சிலவற்றை அளந்தவர்கள், வெப்பம் 20 கெல்வினுக்குக் கீழ் என்றும், செறிவு கன சென்டிமீட்டருக்கு லட்சத்துக்கு மேல் என்றும் கண்டனர். 2006-ல் வந்த பட்டியலில் இத்தகைய திட்டுகள் 10,931 இடம்பெற்றன. நாற்பதினாயிரம் டிகிரி வெப்பத்தில் எரியப்போகும் விண்மீன், மைனஸ் 255 டிகிரிக் குளிரில் கருக்கொள்கின்றது.

இனி எடை. தூசி வீசும் கதிரின் அளவைக் கொண்டு தூசியின் எடையையும், அதை நூறால் பெருக்கி வாயுவின் எடையையும் மதிப்பிடுகின்றனர். நம் தோட்டங்களில் பாலை நிறுத்தவுடன் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அதில் தண்ணீர் எவ்வளவு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று சிறிது எடுத்துப் பார்த்த பின்னரே கிராணி ஏட்டில் எழுதுவார். அந்த விகிதம் பிசகினால் நிறுவை சரியாயிருந்தும் கணக்கு பொய். மேகத்துக்கு அவ்விகிதம் போன்றது வெப்பநிலை. 850 மைக்ரான் அலையில் அளக்கும்போது, உண்மையில் 10 கெல்வினாயுள்ள தூசியை 20 கெல்வின் என்று கொண்டால், எடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர், வேறு வழியின்மையால், ஒரு மேகம் முழுவதற்கும் ஒரே வெப்பத்தை வைத்தே எடை கூறிவந்தனர். அவர்களைக் குறை கூற வேண்டியதில்லை. ஒரே அலையில் அளந்தவர் வேறென்ன செய்ய இயலும்?

இக்குறையைத் தீர்க்க 2009 மே 14-ல் ஐரோப்பியர் ஒரு தொலைநோக்கியை ஏவினர். கண்ணாடி 3.5 மீட்டர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தினர். ஹெர்ஷல் என்று அதற்குப் பெயரிட்டது மிகப் பொருத்தம். 70, 160, 250, 350, 500 மைக்ரான் ஆகிய ஐந்து அலைகளிலும் பால்வீதித் தளம் படமாக்கப்பட்டது. ஐந்து அலை இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி வெப்பம், தனித்தனிச் செறிவு. 2010-ல் வந்த முடிவுகள், இருண்ட மேகங்களின் புறத்தே 20 முதல் 30 கெல்வினாயுள்ள வெப்பம் நடுவில் 8 முதல் 15 வரை இறங்குவதைக் காட்டின. காரணம் எளிது. பக்கத்து விண்மீன்களின் ஒளி மேகத்தின் மேல்தோலைச் சுடும், உள்ளே செல்லாது. உள்ளே ஒரு பெருவிண்மீன் பிறந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும்: நடுவில் நூறு கெல்வினைத் தாண்டிச் சூடேறி, துகள்மேல் உறைந்திருந்த பனி ஆவியாகும், ஓரமே குளிர்ந்திருக்கும். ஆகவே வெப்பப் படத்தைப் பார்த்தே மேகத்தின் வயதை ஒருவாறு சொல்லலாம். 2013 ஏப்ரல் 29-ல் ஹீலியம் தீர்ந்து அதன் வேலை முடிந்தது.

ஒரு வேடிக்கையையும் இங்கு சொல்லாமல் விட மனமில்லை. ஒரையனில் ஒரு சிறு ஒளிமேகத்தின் நடுவே கருந்திட்டு ஒன்று உண்டு. பார்னார்ட் வழிவந்தோர் அதனைத் தூசியுருண்டை என்றே உறுதியாக எண்ணியிருந்தனர். ஹெர்ஷல் தொலைநோக்கி அதனை நோக்கியபோது, தூசியாயின் ஒளிர வேண்டிய அலையிலும் அது கறுத்தே நின்றது. வேறு தொலைநோக்கிகளும் ஒத்துக்கொண்டன. அது உண்மையாகவே ஒரு பொந்து! ஏறக்குறைய 225 ஆண்டு கழித்து, ஹெர்ஷல் பெயர் தாங்கிய கருவிக்கே பொந்து அகப்பட்டது.

தீராத வழக்கு ஒன்று எஞ்சியுள்ளது. அத்தனை குளிர்ந்து, அத்தனை செறிந்த மேகத்தைத் தன் எடையே நொறுக்கும். நொறுங்கும் துண்டுகள் சூரியன் எடையளவே இருக்க வேண்டும் என்பது கணக்கு. பெருவிண்மீனுக்கு வேண்டிய பெருந்துண்டு எங்கிருந்து வரும்? முதலிலேயே பெருந்துண்டாகத் திரளும், உள்ளே எழும் கொந்தளிப்பு அதைத் தாங்கும் என்பது மக்கீ, டான் இருவரும் 2002-ல் கூறியது. சிறு துண்டாகவே தொடங்கும், மேகத்தின் நடுவில் இருப்பதால் சுற்றிலுமிருந்து வாயு வந்துகொண்டே இருக்க, வளர்ந்து பெரிதாகும் என்பது பானல் முதலியோர் கூறியது. முதற்கட்சி வெல்ல வேண்டுமானால், குளிர்ந்து, செறிந்து, இன்னும் விண்மீன் பிறவாத பெருந்துண்டு ஒன்றையாவது காட்ட வேண்டும்.

அதைத் தேடும் வேலை சிலி நாட்டில் ஐயாயிரம் மீட்டர் உயரப் பாலைவனத்தில் 66 கிண்ணங்களோடு நிற்கும் அல்மாவிடம் வந்தது. 70 மைக்ரானிலும் இருண்டு கிடந்த 12 மேகத் திரள்களை அது துருவியது. 2019-ல் வெளிவந்த கணக்கில் 294 கருக்கள் எண்ணப்பட்டன. அவற்றுள் 210-ல் விண்மீன் பிறந்த அறிகுறி ஏதுமில்லை. சூரியனைப்போல் முப்பது மடங்கைத் தாண்டிய வெற்றுக் கரு அவற்றில் ஒன்றுகூட அகப்படவில்லை. இரண்டாம் கட்சியார் மகிழ்ந்தனர். முதற்கட்சியார் விடவில்லை: பன்னிரண்டு திரள் போதாது என்றனர், வேறு மேகங்களில் தேடுகின்றனர். நம் நோக்கில் இரண்டாம் கட்சியின் கை இப்போது ஓங்கியுள்ளது. ஆனால் அந்த 294 கருக்களின் எடையும், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு வெப்பம் என்று வைத்துக்கொண்டு எழுதிய எடைதான்.